மஞ்சளுக்குக் காத்திருக்க வேண்டாம்!

போன வாரம் வந்த தபால் கட்டில் ஒரு கடிதம். மற்றக் கடிதங்களைப் போலக் குழந்தையின் பசியைப் பற்றியோ, பாட்டியின் மூட்டு வலியைப் பற்றியோ அது பேசவில்லை. பெயர் இல்லை, ஊர் இல்லை. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் பென்சிலால் எழுதியிருந்தது. பாதி வழியில் இரண்டு வரிகளை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருந்தார் அந்தச் சகோதரி.

"டாக்டரம்மா, எனக்கு இப்போது ஏழாவது மாதம். தலைச்சன் பிரசவம். அடுத்த வாரம் வளைகாப்பு. கல்யாணமான புதிதில், ஒன்றரை வருஷத்துக்கு முன், எனக்கு ஜுரம் வந்து, சொல்லக் கூசும் இடத்தில் சிறு சிறு கொப்புளங்கள் வந்தன. கடையில் களிம்பு வாங்கிப் போட்டேன். ஆறிவிட்டது. பிறகும் ஒரு முறை வந்து போயிற்று. இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. என்னைப் பார்க்கிற டாக்டரிடம் கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு மாமி பேச்சுவாக்கில், 'இந்தக் கொப்புளக் கிருமி கர்ப்பிணிகளுக்குக் கல்லீரலில் இறங்கினால் தாயும் பிழைக்க மாட்டாள், பிள்ளையும் பிழைக்காது' என்றார். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். நான் என்ன செய்யட்டும்?"

கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்தப் பெண்ணுக்கு விலாசம் தெரிந்தால் நேரிலேயே போயிருப்பேன். தெரியாததால் இந்தப் பக்கத்திலேயே பதில் எழுதுகிறேன். மற்றச் சகோதரிகளும் கூட உட்கார்ந்து கேட்கலாம். இது நம் எல்லோர் வீட்டுச் சமாசாரம்தான்.

முதலில் ஒரு வார்த்தை, அம்மா. இன்று இரவு நிம்மதியாகத் தூங்குங்கள். உங்களிடம் இருப்பதாக நீங்கள் பயப்படுகிற ஆபத்து மிக மிக அபூர்வமானது. அதிலும் பழைய தொற்று உள்ளவர்களைவிட, புதிதாகத் தொற்றியவர்களையே அது பெரும்பாலும் பிடிக்கிறது. ஆனால் நாளைக் காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நிற்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கிருமிக்கு ஹெர்ப்பிஸ் என்று பெயர். ஊர்ந்து போவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கொப்புளம் தோலில் ஊர்ந்து ஊர்ந்து பரவுவதைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதை எத்தனை பெயர் சொல்லி அழைத்திருக்கிறோம்! உதட்டோரத்தில் கொப்புளம் வந்தால், "ராத்திரி பல்லி எச்சம் பட்டிருக்கும்" என்போம். இடுப்பைச் சுற்றி வந்தால் "அக்கி" என்போம். குயவர் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்த பாட்டிமார்கள் உங்கள் குடும்பத்திலும் இருந்திருப்பார்கள். பல்லிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாவம், பல்லி!

ஹெர்ப்பிஸ் என்பது ஒரு பெரிய குடும்பம். மனிதர்களைப் பிடிப்பவை அதில் எட்டு. சின்னம்மையைத் தருகிற கிருமி ஒன்று. அது உடம்பிலேயே தங்கிப் பல வருஷங்கள் கழித்து அக்கியாக எழும்பும். உதட்டுக் கொப்புளத்தையும் அந்தரங்கப் பகுதியில் வரும் கொப்புளத்தையும் தருகிற அண்ணன் தம்பி இருவர் வேறு. இந்தக் கடிதம் அந்த இரண்டு பேரைப் பற்றியது. ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று டாக்டர்கள் அவர்களுக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இவர்களுடைய குணம் விசித்திரமானது. ஒரு முறை வீட்டுக்குள் வந்துவிட்டால் போகவே மாட்டார்கள். நரம்பின் வேரில் போய்ப் படுத்துத் தூங்குவார்கள். உடம்பு அசந்தால், ஜுரம் வந்தால், வெயிலில் அலைந்தால், மனசு கலங்கினால், எழுந்து வந்து நாலு கொப்புளத்தைக் காட்டிவிட்டு மறுபடியும் தூங்கப் போவார்கள்.

இது ஏதோ நடத்தை கெட்டவர்களுக்கு வருகிற வியாதி என்று நினைப்பதுதான் நம் சமூகத்தின் பெரிய தப்பு. உலகத்தில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேரிடம் ஒன்றாம் எண் கிருமி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலோருக்கு அது சிறு வயதில், அன்பான அத்தையோ பெரியம்மாவோ கொடுத்த முத்தத்தில் வந்தது. அந்த ஒன்றாம் எண்ணே உடம்பின் கீழ்ப் பகுதிக்கும் போகலாம். இரண்டாம் எண் தாம்பத்தியத்தில் வருவது. அதிலும் புருஷனுக்கு எந்த அடையாளமுமே இல்லாமல் பல வருஷங்களாக இருந்திருக்கலாம். ஆகவே, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வீட்டில் நியாய ஸ்தலம் கூட்டுவதில் பிரயோஜனமே இல்லை. பதில் கிடைக்காது, நிம்மதி மட்டும் போகும்.

இனி, கர்ப்பத்துக்கு வருவோம்.

உங்களுக்கு இந்தக் கிருமி வந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இதற்குள் உங்கள் ரத்தத்தில் அதை எதிர்க்கும் சக்தி உண்டாகியிருக்கும். அந்தச் சக்தி தொப்புள் கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேருகிறது. தாய் வீட்டுச் சீதனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இப்படிப்பட்ட தாய்க்குப் பிரசவ சமயத்தில் கொப்புளம் மறுபடி வந்தாலும், குழந்தைக்குத் தொற்றுகிற வாய்ப்பு 100-க்கு 3-க்கும் குறைவு. ஆனால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக இது தொற்றினால் விஷயம் வேறு. எதிர்ப்புச் சக்தி உண்டாகக் கூட நேரம் இல்லாமல் பிரசவம் வந்துவிடும். அப்போது குழந்தைக்குப் போகிற வாய்ப்பு 100-க்கு 30 முதல் 50 வரை. பச்சைக் குழந்தையின் மூளையையும் ஈரலையும் இந்தக் கிருமி தாக்கினால் மிகவும் ஆபத்து.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. பழைய கொப்புளக் கதையைத் தாய் சொல்லிவிட்டால், 36-ஆவது வாரத்திலிருந்து தினமும் சாப்பிட அசைக்ளோவிர் என்ற மாத்திரையை டாக்டர் கொடுப்பார். கர்ப்பிணிகளுக்கு வெகு காலமாகக் கொடுத்துப் பழகிய மருந்து அது. வலி எடுத்து ஆஸ்பத்திரிக்கு வந்ததும் கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் சுகப் பிரசவத்துக்குத் தடை இல்லை. இருந்தால், குழந்தை அந்த வழியாக வராமல் ஆபரேஷன் செய்து எடுப்பார்கள். அவ்வளவுதான். இத்தனைக்கும் திறவுகோல் நீங்கள் மறைத்து வைத்திருக்கிற அந்த ஒரு வாக்கியம்தான்.

கல்லீரல் சமாசாரத்துக்கு வருகிறேன். இங்கே நான் என்னுடைய தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1990-களின் நடுவில் ஒரு நாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் வெளி நோயாளிப் பிரிவில் கூட்டம் நெரிந்தது. எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தியை அவளுடைய தாயார் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். மூன்று நாளாக ஜுரம். சாப்பாடு பிடிக்கவில்லை. வலது பக்கம் விலாவுக்குக் கீழே இழுத்துப் பிடித்த மாதிரி வலி. நான் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். பால் போல வெள்ளையாக இருந்தது. "மஞ்சளே இல்லை, காமாலை இல்லை, பயப்படாதே. விஷ ஜுரமாக இருக்கும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

மறு நாள் இரவே அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேச்சு குழறியது. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. அப்போதும் கண்ணில் மஞ்சள் இல்லை! ரத்தத்தைச் சோதித்தோம். கல்லீரல் நலமாக இருந்தால் 40 யூனிட்டுக்குள் இருக்க வேண்டிய அளவு ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. ஈரல் உள்ளுக்குள்ளே வெந்துகொண்டிருக்கிறது. வெளியே முகம் மட்டும் அமைதியாக இருக்கிறது.

எங்கள் பெரிய டாக்டரம்மா வந்தார். அவரிடம் எங்களுக்கெல்லாம் சிம்ம சொப்பனம். அவர் புஸ்தகத்தைப் புரட்டவில்லை. படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் தாயார் காதோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, உன் பொண்ணுக்கு வாயிலயோ, கீழேயோ, சமீபத்தில கொப்புளம் ஏதாவது வந்துதா?"

தாயார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தலையை ஆட்டினாள். பத்து நாளைக்கு முன்.

"உடனே அசைக்ளோவிர் ஏத்துங்க" என்றார் பெரியம்மா. ரத்தச் சோதனையின் முடிவு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நரம்பு வழியாக மருந்து இறங்க ஆரம்பித்தது. இரண்டு நாள் யமனோடு இழுபறி. மூன்றாம் நாள் அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தண்ணீர் கேட்டாள். அந்த ஒரு வார்த்தை எனக்கு வேத மந்திரம் போல இருந்தது. தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது.

வீட்டுக்குப் போகிற அன்று நான் அவளைச் சற்றுக் கடிந்துகொண்டேன். "ஏம்மா, முதல் நாளே கொப்புளத்தைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் குழந்தையின் தலையைச் சரி செய்துகொண்டே, மெதுவாகச் சொன்னாள்: "வெட்கமா இருந்துது, டாக்டரம்மா. நீங்களும் கேக்கலையே."

எத்தனையோ பரீட்சைகள் எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தை போட்ட மார்க்கைத்தான் இன்று வரை மறக்கவில்லை. அன்று முதல் ஜுரத்தோடு வருகிற எந்தக் கர்ப்பிணியையும் அந்தக் கேள்வி கேட்காமல் நான் அனுப்பியதில்லை.

மஞ்சள் நமக்கு மங்கலம். தாலிக் கயிற்றிலும் மஞ்சள், வாசல் நிலையிலும் மஞ்சள். கண்ணில் மஞ்சள் வந்தால் மட்டும் வீடே நடுங்கும். நடுங்க வேண்டியதுதான். ஆனால் கண்ணில் மஞ்சள் இல்லாவிட்டால் ஈரலுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோமே, அந்த நிம்மதிதான் இந்த வியாதியில் ஆளைக் கவிழ்க்கிறது. ஹெர்ப்பிஸ் கிருமி ஈரலைத் தாக்கும்போது, பல பேருக்குக் காமாலை வருவதே இல்லை. வந்தாலும் கடைசியில்தான் வருகிறது. தோலில் கொப்புளமும் பாதிப் பேருக்குத்தான் தெரிகிறது. பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வருகிறது. கர்ப்ப காலத்தில் உடம்பின் காவல் சற்றுத் தளர்ந்திருப்பது ஒரு காரணம். குழந்தையை அந்நியன் என்று விரட்டாமல் இருப்பதற்காகத் தாயின் உடம்பு தன் காவலை மாற்றி அமைத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் சில கிருமிகள் நுழைந்துவிடுகின்றன.

"கர்ப்பிணிக்கு ஈரல் கெட்டால் எல்லாம் ஒன்றுதானே?" என்று கேட்பீர்கள். இல்லை. அதுதான் முக்கியம்.

உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் தாங்க முடியாமல் அரிக்கிறதா? தடிப்பு ஒன்றும் இல்லையா? அது பித்த நீர் தேங்குவதால் வருவது. ஜுரம் இருக்காது. "வயிற்றில் பிள்ளைக்கு முடி முளைக்கிறது, அதனால் அரிக்கிறது" என்று சொல்லி உட்கார்ந்திருக்கக் கூடாது. பித்த நீர் மிகவும் அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து உண்டு. ரத்தச் சோதனை வேண்டும்.

ரத்தக் கொதிப்பு ஏறி, தலைவலி மண்டையைப் பிளந்து, கண் மங்கி, நெஞ்சுக் குழியில் வலிக்கிறதா? அது கர்ப்ப கால ரத்தக் கொதிப்பு ஈரலைத் தொடுகிற நிலை. கடைசி மாதங்களில் ஓயாத வாந்தி, களைப்பு, அடங்காத தாகம் என்று வந்தால், ஈரலில் திடீரென்று கொழுப்புச் சேருகிற வியாதியாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் முக்கிய வைத்தியம், தாயை நிலைப்படுத்திக்கொண்டு குழந்தையைச் சீக்கிரம் வெளியே எடுப்பது.

ஹெர்ப்பிஸ் அப்படியல்ல. குழந்தையை எடுத்துவிட்டதால் மட்டும் அது குணமாகாது. அதற்கு மருந்து வேண்டும். அதுவும் உடனே வேண்டும். ஆகவேதான் எந்த வியாதி என்று சரியாகக் கண்டுபிடிப்பது உயிர் பிரச்னையாகிறது.

நம் நாட்டில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கர்ப்பிணிக்கு ஈரல் கெட்டது என்றால் டாக்டர்களுக்கு முதலில் நினைவு வருவது தண்ணீரால் வருகிற காமாலை. அதற்குக் காரணம் இருக்கிறது. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டெல்லி மாநகரத்தை ஒரு காமாலை ஆட்டி வைத்தது. யமுனையில் குடிதண்ணீர் எடுக்கிற இடத்தில் சாக்கடை நீர் கலந்துவிட்டது. 29,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் கண் மஞ்சளாயிற்று. மற்றவர்கள் பெரும்பாலும் எழுந்து நடமாடிவிட, கர்ப்பிணிகளைத்தான் அது பலி வாங்கியது. எந்தக் கிருமி அது என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. 1983-இல் பலயான் என்ற ரஷ்ய விஞ்ஞானி, நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாரத்தைத் தாமே குடித்து, தமக்குக் காமாலை வரவழைத்துக்கொண்டு, அந்தக் கிருமியை நுண்ணோக்கியில் கண்டார். ஈ வகைக் காமாலை என்று இன்று சொல்கிறோம். கடைசி மூன்று மாதங்களில் இருக்கிற கர்ப்பிணிகளுக்கு அது வந்தால் 100-க்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகையால், கர்ப்பிணி இருக்கிற வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். கொதிக்க என்றால் வெதுவெதுப்பாக அல்ல. தளதளவென்று கொதிக்க வேண்டும். வெளியே வாங்கும் ஐஸ் போட்ட பானமும், தள்ளு வண்டியில் நறுக்கி வைத்த பழமும் வேண்டவே வேண்டாம்.

ஈ வகைக் காமாலைக்குக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கத் தனி மருந்து இல்லை. உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். ஹெர்ப்பிஸுக்கு மருந்து உண்டு. மருந்து இல்லாத வியாதி என்று நினைத்து, மருந்து உள்ள வியாதியைத் தவற விடுவதைப் போன்ற துக்கம் வேறு உண்டா?

அந்த மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். கெர்ட்ரூட் எலியன் என்பது அவர் பெயர். 1918-இல் நியூயார்க் நகரத்தில் பிறந்தவர். அவருக்கு 15 வயதாக இருந்தபோது தாத்தா புற்று நோயில் இறந்தார். அந்தத் துக்கத்தில், மருந்து கண்டுபிடிப்பதே தன் வேலை என்று அந்தப் பெண் தீர்மானித்தார். கல்லூரியில் ரசாயனம் படித்துத் தேறினார். வேலை கேட்டுப் போன ஓரிடத்தில், "நீ இங்கே இருந்தால் ஆண்களின் கவனம் சிதறும்" என்று சொல்லி அனுப்பினார்களாம்! கொஞ்ச காலம் ஒரு மளிகைக் கம்பெனியில் ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கிற வேலை பார்த்தார். பிறகு 1944-இல் ஒரு மருந்துக் கம்பெனி ஆராய்ச்சிச் சாலையில் இடம் கிடைத்தது. 1970-களில் அவரும் அவருடைய சகாக்களும் உலகத்துக்குக் கொடுத்ததுதான் அசைக்ளோவிர். 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டாக்டர் பட்டத்துக்கான படிப்பை அவர் முடித்ததே இல்லை.

அந்த மருந்தின் அழகைக் கேளுங்கள். அது உடம்பெங்கும் சுற்றினாலும் சாதுவாகவே இருக்கும். ஹெர்ப்பிஸ் கிருமி புகுந்த அணுவுக்குள் போனால் மட்டும், அந்தக் கிருமியே தயாரிக்கிற ஒரு பொருள் மருந்தைத் தூண்டி எழுப்பிவிடும். எழுந்த மருந்து கிருமியின் இனப் பெருக்கத்தை நிறுத்திவிடும். திருடன் கையில் இருக்கிற சாவியைக் கொண்டே திருடனைப் பூட்டுவது போல! ஊறுகாயைச் சோதித்த கைக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லாமல் போகுமா?

ஆனால் எப்பேர்ப்பட்ட மருந்தும் நேரத்தோடு கொடுத்தால்தான் மருந்து. ஆகவே, நான் சொல்கிற சில விஷயங்களைச் சமையல் அறைக் காலண்டரின் பின்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிக்கு ஜுரம் வந்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். "எல்லாம் மசக்கைதான்", "உடம்புச் சூடுதான்" என்று ஆறாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஜுரத்தோடு வலது விலாவுக்குக் கீழே வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், வழக்கமில்லாத தூக்கம், பேச்சில் குழப்பம் இவற்றில் எது இருந்தாலும் ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கண் வெள்ளையாக இருந்தாலும், "கல்லீரலுக்கு ரத்தச் சோதனை செய்ய வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால்தான் என்ன? கோபம் ஆறிவிடும்.

ஜுரத்துக்கு பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரு மாத்திரை கூட அதிகம் வேண்டாம். அளவு மீறினால் அதுவே ஈரலைக் கெடுக்கும். கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டு மூன்று நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த வியாதியில் மூன்று நாள் என்பது மூன்று நாள் அல்ல, ஓர் ஆயுசு.

உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள், மாமியாரானாலும் சரி, குழந்தையின் தகப்பனாரானாலும் சரி, அது காய்ந்து உதிரும் வரை பச்சைக் குழந்தையை முத்தமிடக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்கலாம். கொஞ்சுவதைக் கண்ணால் கொஞ்சலாம். தாய்க்கு மார்பில் புண் இல்லாத வரை தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. கணவனுக்குக் கொப்புளம் வரும் வழக்கம் உண்டு, மனைவிக்கு இதுவரை வந்ததில்லை என்றால், அதைக் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கடைசி மாதங்களில் தம்பதிகள் விலகி இருப்பதே நல்லது. தலைச்சன் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போகிற நம் வழக்கம் இந்த விஷயத்தில் எத்தனை சௌகரியம், பாருங்கள்!

கடைசியாக, கடிதம் எழுதிய சகோதரிக்கு.

டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதானே உங்களுக்குத் தயக்கம்? நான் வாக்கியத்தையே எழுதித் தருகிறேன். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். உள்ளே போனதும், "டாக்டர், உங்களிடம் தனியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்று சொல்லுங்கள். கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்ல அவருக்குத் தெரியும். பிறகு, "கர்ப்பத்துக்கு முன்னால் எனக்கு ஹெர்ப்பிஸ் கொப்புளம் மாதிரி இரண்டு முறை வந்தது" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். வாய் வராவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். எனக்கு எழுதினீர்களே, அதைப் போல. டாக்டர் திடுக்கிட மாட்டார். இதை விடப் பெரிய ரகசியங்களை அவர் காலையிலிருந்து கேட்டிருப்பார். உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றுவது அவருடைய தர்மம். கணவரிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை அவரோடு கலந்து பேசி, உங்கள் சௌகரியம் போல முடிவு செய்யலாம். மாமியாரிடம் சொல்லியே தீர வேண்டும் என்று எந்த வைத்திய சாஸ்திரத்திலும் இல்லை.

பெண்கள் வெட்கப்படுவது அழகு என்று யாரோ சொல்லி வைத்தார்கள். டாக்டர் முன்னால் அந்த அழகு வேண்டாம், அம்மா. அங்கே வெட்கப்பட வேண்டியது கேட்க மறந்த டாக்டர்தான். எனக்குத் தெரியும், நான் பட்டிருக்கிறேன்.

வளைகாப்புக்குக் கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கிக்கொள்ளுங்கள். சித்திரான்னம் எல்லாவற்றையும் ருசி பாருங்கள். குழந்தை பிறந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். இந்தத் தடவையும் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். ஆணா, பெண்ணா என்று மட்டும் எழுதினால் போதும். பென்சிலால் எழுதினாலும் கையெழுத்தைப் பார்த்ததும் நான் தெரிந்துகொள்வேன்.